ஈர்ப்பு விசை ஒளியை முந்துவதில்லை

“ஈர்ப்பு ஒளியைவிடப் பல லட்சம் மடங்கு வேகமானது, இல்லையேல் பூமியின் சுற்றுப்பாதையே குலைந்துவிடும்” என்று பரவும் செய்தி தவறு. ஈர்ப்பில் நேரும் மாற்றம் ஒளியின் வேகத்தில்தான் பரவுகிறது: நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கி.மீ.

2017 ஆகஸ்ட் 17 அன்று இதற்கு அருமையான சான்று கிடைத்தது. சுமார் 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் (மிக அடர்த்தியான விண்மீன் எச்சங்கள்) மோதி இணைந்தன. அதன் ஈர்ப்பலையை, அதாவது அலையாகப் பரவும் ஈர்ப்பு மாற்றத்தை, லைகோ, விர்கோ கருவிகள் பதிவுசெய்தன, 1.7 நொடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோள் ஒளியின் ஒரு வகையான காமாக் கதிரைக் கண்டது. 13 கோடி ஆண்டுப் பயணத்தில் இடைவெளி அவ்வளவுதான்! அதிலும் காமாக் கதிர் சற்றுப் பிந்தியே கிளம்பியிருக்கலாம்.

சுற்றுப்பாதை வாதம் பழையது. 1805-இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ், நியூட்டனின் விசையில் ஈர்ப்பு வந்துசேரும் தாமதத்தை மட்டும் சேர்த்து, ஈர்ப்பின் வேகம் ஒளியைப்போல் குறைந்தது 70 லட்சம் மடங்கு இருக்கவேண்டும் என்றார். அந்தக் கணக்கில் விசை, பொருள் முன்பிருந்த இடத்தை நோக்கி இழுக்கும்; பாதை நிலைக்காது. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் பொருளின் வேகத்தைச் சார்ந்த விசைக்கூறுகளும் உண்டு. அவை அந்தத் தாமத விளைவை ஏறக்குறைய முழுதாக நீக்கிவிடுகின்றன. எஞ்சும் மிகச் சிறு பகுதிதான் ஈர்ப்பலையாக வெளியேறும் ஆற்றல் இழப்பு. 1974-இல் ஹல்ஸ், டெய்லர் என்ற வானியலாளர்கள் கண்டறிந்த, ஒன்றையொன்று சுற்றும் இரட்டை விண்மீன்களின் பாதை சுருங்குவது அந்த இழப்பால்தான்.