இது மாத்திரையாக்கா?

மருந்துக்கடையில் 11 வருஷமாக நிற்கிறேன். கருத்தடை மாத்திரை வாங்க வரும் பெண்கள் கூட்டம் குறையும்வரை ஓரமாக நிற்பார்கள். அப்புறம் பெயரைச் சொல்லாமல், காலி அட்டையை எடுத்து வைத்து விரலால் என் பக்கம் தள்ளுவார்கள்.

அப்படி ஒரு பெண் பர்ஸைத் திறந்தபோது கூடவே இன்னொரு அட்டையும் விழுந்தது. டிபி மாத்திரை. ஆரம்பித்து இரண்டாவது மாதமாம்.

"கருத்தடை மாத்திரை போடுறதை டிபி டாக்டர்கிட்ட சொன்னியாம்மா?"

"வேற மாத்திரை எதுவும் சாப்பிடறியான்னு கேட்டாங்க. இல்லைன்னுட்டேன். இது மாத்திரையாக்கா?"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். சுகருக்கும் பிரஷருக்கும் போடுவதுதான் நம் வீடுகளில் மாத்திரை. இது பீரோவில் சேலைக்கு அடியில் கிடக்கிற சமாச்சாரம்.

டிபி சிகிச்சையில் 6 மாதமும் இருக்கிற ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரையின் ஹார்மோன் வேலை செய்யுமுன்பே உடைந்து போய்விடும். மருந்தை நிறுத்திய பிறகும் 4 வாரம் போல அந்த வேகம் தணியாது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்படாதே என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின், கார்பமசெபினும் இதே ரகம்தான். லாமோட்ரிஜினில் கதை தலைகீழ். கருத்தடை மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜென் அதன் அளவைப் பாதியாகக்கூடக் குறைத்துவிடும், அடங்கியிருந்த வலிப்பு திரும்ப வரலாம். சளிக்குத் தரும் அமாக்சிசிலினால் ஒன்றும் ஆகாது, அதற்குப் போய் பயப்பட வேண்டாம். சாப்பாட்டிலும் பெரிதாகப் பத்தியம் இல்லை. காபியின் காஃபின் மட்டும் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். சாயங்காலக் காபிக்கு ராத்திரி கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

கண்முன் மின்னல் மின்னி அப்புறம் ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் ஈஸ்ட்ரோஜென் உள்ள மாத்திரையைத் தொடவே கூடாது, பக்கவாத ஆபத்து. பிரஷர் அதிகமாக இருந்தாலும் அப்படித்தான். நானே எத்தனை பேருக்கு இதைக் கேட்காமல் கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறேன் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

கேள்வியை மாற்றுங்கள் டாக்டர்களே. "குழந்தை தள்ளிப்போட ஏதாவது போடுறியாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கூட வந்தவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அவளிடம் காப்பர் டி பற்றியும் மூன்று மாத ஊசி பற்றியும் சொன்னேன். டிபி மருந்தால் இரண்டும் கெடாது, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். அதுவரைக்கும் ஆணுறை என்று ஒரு பாக்கெட்டைக் கவரில் போட்டேன். மாமியார் கூட வராத நாளாகப் பார்த்துப் போய்க் கேட்கிறேன் என்றாள்.