பிள்ளைகளின் பங்கும் கப்பல் பணியாளரின் கூலியும்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் என் தங்கை, வருகிற டிசம்பர் விடுமுறையில் முதல் முறையாகத் தன் இரண்டு பிள்ளைகளோடு கப்பலில் போகப் போகிறாள். டர்பனில் ஏறி, மொசாம்பிக்கின் பொமேன் கடற்கரை வரை சென்று திரும்பும் நான்கு இரவுப் பயணம். முன்பதிவுத் தாளைப் படித்துப் பார்த்தவள் போன வாரம் என்னை அழைத்து, "அக்கா, டிக்கெட் விலைக்கு மேலே தினமும் ஆளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கும் போட்டிருக்கிறார்கள். கடைசி நாள் வரவேற்பு மேசையில் சொன்னால் எடுத்துவிடுவார்களாமே, பிள்ளைகளுடையதை மட்டுமாவது எடுக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவள் கேட்டபோது தொலைபேசியில் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. கோடைப் பருவம் வந்தால் டர்பனின் நெல்சன் மண்டேலா கப்பல் முனையத்தில் நம்மவர்கள் பலர் பிள்ளைகுட்டிகளோடு வரிசையில் நிற்கிறார்கள்; ஆகையால் அவளுக்குச் சொல்ல வேண்டியதைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கட்டணத்தைப் பற்றி. பெரிய பயணக்கப்பல் நிறுவனங்கள் பலவும் பயணியின் கணக்கில் நாள்தோறும் ஒரு தொகையைத் தாமாகவே சேர்த்துக்கொள்கின்றன. கேபினைச் சுத்தம் செய்பவர், உணவு மேசையில் பரிமாறுபவர், அவருடைய உதவியாளர், துணி வெளுப்பவர், பாத்திரம் கழுவுபவர் என்று முன்னும் பின்னும் நிற்பவர்களுக்கு அது பங்கிடப்படுவதாகச் சொல்கின்றன. அமெரிக்கக் கப்பல்களில் இது நாளொன்றுக்கு ஆளுக்குப் பதினாறு டாலருக்கு மேல். அந்தப் பதினாறையே வைத்தாலும், நான்கு பேர் உள்ள குடும்பம் ஏழு இரவு பயணம் செய்தால் 448 டாலர். நம் பணத்தில் ஏழாயிரம் ரேண்டுக்கும் மேல். சிறு தொகை என்று நான் சொல்ல மாட்டேன். டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு குடும்பத்தின் ஒரு மாத மளிகைக்கும் மேல் அது.

பிள்ளைகள் விஷயத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் கணக்கு வேறுபடும். ராயல் கரீபியன் எல்லா வயதினருக்கும் ஒரே தொகையை வசூலிக்கிறது. கார்னிவல் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை விட்டுவிடுகிறது. நார்வீஜியன் நிறுவனத்தில் மூன்று வயதிலிருந்து கட்டணம் தொடங்குகிறது. பிள்ளைகளுக்குப் பாதி மட்டும் கேட்பவர்களும் உண்டு. இவற்றையெல்லாம் முன்பதிவு செய்யும்போதே படித்துவிட வேண்டும். ஏறியபின் படித்து ஆத்திரப்படுவதில் பயனில்லை. மது, குளிர்பானம் வாங்கும் ரசீதில் 15 முதல் 20 விழுக்காடு ஏற்கெனவே சேர்ந்திருக்கும். அதன் கீழே டிப்ஸ் என்று இன்னொரு வரியையும் காலியாக விட்டிருப்பார்கள். பிள்ளைகள் இரண்டு பக்கமும் கையைப் பிடித்து இழுக்கும் நேரத்தில் அவசரமாக அதையும் நிரப்பிவிடுகிறவர்கள் நிறையப் பேர். நானும் ஒரு முறை நிரப்பியிருக்கிறேன்.

இப்போது தங்கையின் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகள் குறைவாகச் சாப்பிடுகிறார்கள், ஆகையால் அவர்களுக்காகக் குறைவாகக் கொடுத்தால் போதும் என்பது பெரும்பாலோரின் கணக்கு. நாங்கள் இதே பொமேனுக்குப் போய்வந்த பயணத்தின் கடைசி இரவில் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்ற வரிசையில் நம் ஊர்க்காரர் ஒருவர் என்னிடம், "என் மகன் நான்கு நாளில் சாப்பிட்டதே சிப்ஸும் ஐஸ்கிரீமும்தான், அவனுக்கு எதற்கு முழுக் கட்டணம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிறுவனை நான் உணவு மேசையில் பார்த்திருந்தேன். அவனுக்கு முதலில் சிப்ஸ் வந்தது, அது ஆறிப்போயிற்று என்று திரும்பிப் போயிற்று, மறுபடி வந்தது, தக்காளி சாஸ் விரிப்பில் கொட்டியது, விரிப்பு மாற்றப்பட்டது, வண்ணப் பென்சில்கள் கேட்டு வாங்கப்பட்டன, அவற்றில் இரண்டு மேசைக்கு அடியில் உருண்டன, பரிமாறுபவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். அவனுடைய அப்பாவோ சூப், மீன், இனிப்பு என்று மூன்று தட்டோடு முடித்துக்கொண்டார். அந்த மேசையில் யாருக்காக அதிகம் உழைக்க வேண்டியிருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேபினிலும் இதே கதைதான். நான்கு பேர் தங்கும் கேபினில் இரண்டு படுக்கைகள் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கும். காலையில் அவற்றை மடித்து மேலே ஏற்ற வேண்டும், இரவில் இறக்கி விரித்து ஏணியை மாட்ட வேண்டும். பெரியவர்கள் இருவர் மட்டும் தங்கினால் இந்த வேலையே கிடையாது. பொமேனில் பிள்ளைகள் கடலாடிவிட்டு வந்த அன்று, குளியலறை வடிகாலிலும் கம்பளத்திலும் மூன்றாம் நாள் வரை மணல் கிடந்தது. இரண்டாம் இரவு கடல் கொந்தளித்தபோது என் மகள் மேல் படுக்கையிலிருந்து கீழ்ப் படுக்கை வரைக்கும் வாந்தி எடுத்துவிட்டாள். நள்ளிரவு தாண்டியிருந்தது. நான் அழைத்துப் பத்து நிமிடத்தில் மடகாஸ்கரைச் சேர்ந்த ஓர் இளைஞர் புதிய விரிப்புகளோடு வந்தார். முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் மாற்றினார். போகும்போது பச்சை ஆப்பிள் ஒன்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். காலை ஏழு மணிக்கு அதே முகத்தை நடைபாதையில் துடைப்பத்தோடு பார்த்தேன். அவர் எப்போது தூங்கினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி சட்டத்திலேயே இருக்கிறது. 2013இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, வேலை நேரத்துக்கு உச்ச வரம்பு வைக்காமல் ஓய்வு நேரத்துக்குக் குறைந்தபட்ச வரம்பு வைக்கும் கப்பல்களில் 24 மணி நேரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரமும், ஏழு நாளுக்குக் குறைந்தது 77 மணி நேரமும் ஓய்வு தரச் சொல்கிறது. கழித்துப் பார்த்தால் வாரத்துக்கு 91 மணி நேரம் வரை வேலை வாங்க இடமிருக்கிறது. நம் நாட்டுச் சட்டத்தில் வழக்கமான வேலை நேரம் வாரத்துக்கு 45 மணிதான். டர்பன் கடற்கரைச் சாலையில் ஓர் உணவகத்தில் பரிமாறும் பெண்ணுக்கு, நாம் பத்து விழுக்காடு வைத்தாலும் வைக்காவிட்டாலும், தேசியக் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று இருக்கிறது. 2019 ஜனவரியில் மணிக்கு 20 ரேண்டாகத் தொடங்கிய அது, 2025 மார்ச்சில் 28.79 ரேண்டாகியது. அந்தச் சாலையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் நிற்கும் கப்பலிலோ பனாமா, பகாமாஸ், மால்டா என்று வேறொரு நாட்டின் கொடி பறக்கிறது. உள்ளே வேலை செய்பவருடைய கூலியை நம் சட்டம் தீர்மானிப்பதில்லை. ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தம், அதற்குள் வாரம் முழுதும் ஒரு நாள்கூட முழு விடுப்பு இல்லாத வேலை. அவர் ஊருக்கு அனுப்பும் பணத்தில் நம்முடைய சேவைக் கட்டணம் ஓர் அலங்காரம் அல்ல, கூலியின் பகுதி.

"அப்படியானால் கூலியைக் கொடுக்க வேண்டியது முதலாளிதானே, நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று தங்கையின் கணவர் பின்னாலிருந்து கேட்டது என் காதில் விழுந்தது. மிகச் சரியான கேள்வி. விளம்பரத்தில் விலையைக் குறைத்துக் காட்டிவிட்டுக் கூலியைப் பயணியின் மனச்சாட்சியிடம் ஒப்படைப்பது நேர்மையான வியாபாரம் அல்ல என்பதே என் கருத்தும். மாற முடியாத வழக்கமும் அல்ல இது: பிரிட்டனின் பி அண்ட் ஓ க்ரூஸஸ் 2019இல் இந்தத் தனிக் கட்டணத்தை நீக்கிப் பயண விலையிலேயே அடக்கிவிட்டது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுவே நல்லது, முதலிலேயே மொத்தக் கணக்கு தெரிந்துவிடும். ஆனால் வரவேற்பு மேசையில் நின்று தன் மகனின் பங்கை நீக்கச் சொல்கிறவர் முதலாளியோடு சண்டை போடவில்லை. அந்த மேசையில் முதலாளி இல்லை. டிக்கெட் பணம் மாதக்கணக்கில் முன்பே அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. குறைவது கீழ்த்தளத்தில் பாத்திரம் கழுவுகிறவருக்குப் போகும் பங்குதான். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது. கட்டணத்தை நீக்கிவிட்டு நேரடியாகக் கையில் கொடுத்துவிடுகிறோமே என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: சில கப்பல்களில், கட்டணத்தை நீக்கிய பயணி கையில் கொடுத்த பணத்தைப் பணியாளர் பொதுப் பங்கில் சேர்த்துவிட வேண்டும் என்ற விதியே இருக்கிறது.

இதில் எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. என் தாத்தா ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் டர்பன் கடற்கரையில் ஒரு ஹோட்டலில் வெயிட்டராக இருந்தார். வெள்ளைச் சட்டை, இடுப்பில் சிவப்புப் பட்டி. அந்தக் காலத்தில் கடற்கரை ஹோட்டல்களில் பரிமாறியவர்களில் நம்மவர்கள் ஏராளம். 1953இல் நிறவெறி அரசு கொண்டுவந்த தனி வசதிகள் சட்டத்தின்கீழ், தான் துடைத்துப் பளபளப்பாக்கிய மேசையில் தான் உட்கார முடியாது. டிப்ஸாக வந்த சில்லறையைப் பேக்கர்ஸ் பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வைப்பார். பள்ளிச் சீருடையும் காலணியும் அந்த டின்னிலிருந்துதான் வந்தன என்று என் அம்மா இன்றும் சொல்வார். விடுமுறைக்கு ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பிள்ளைகளோடு வரும் குடும்பங்களின் மேசைதான் மிகக் கடினம் என்று தாத்தா சொல்வாராம். நாற்காலிக்கு அடியில் விழுந்து கிடக்கும் சோற்றையும் ரொட்டியையும் பொறுக்கி முடிப்பதற்குள் இன்னொரு மேசையின் காசு கைநழுவிவிடும்.

ஆனால் குறைந்த காசைப் பற்றி அவர் மனம் நொந்து பேசியதில்லை. அவரை நோகச் செய்தது வேறு. காசைப் பிள்ளையின் கையில் கொடுத்து, "போய் அந்த பாயிடம் (boy, பையனிடம்) கொடு" என்று அனுப்புவார்களாம். ஆறு வயதுப் பிள்ளை ஐம்பது வயது மனிதரை "பாய்" என்று கூப்பிட்டு உள்ளங்கையில் காசை வைக்கும். பெற்றோர் தூரத்திலிருந்து பார்த்து ரசிப்பார்கள். அந்தக் காசை மட்டும் அவர் டின்னில் போடாமல் தனியாக வைத்து, சனிக்கிழமை குதிரைப் பந்தயத்தில் வைத்துத் தொலைத்துவிடுவாராம். இந்தப் பகுதியைச் சொல்லும்போது என் ஆயா (பாட்டி) தலையில் அடித்துக்கொள்வார்.

ஆகையால், பிள்ளைகளோடு கப்பலில் போகிறவர்களுக்கு இப்போது பலரும் சொல்லும் ஒரு யோசனை எனக்கு ஒவ்வவில்லை. பணத்தை உறையில் போட்டுப் பிள்ளையின் கையால் கொடுக்கச் சொல்லுங்கள், பார்க்க அழகாக இருக்கும், கொடுக்கும் பழக்கமும் வரும் என்கிறார்கள். இதை நான் சொன்னதும் தங்கை விடவில்லை. கோயிலில் தட்டில் போடப் பிள்ளையின் கையில்தானே காசைத் தருகிறோம், அது மட்டும் எப்படிச் சரி என்றாள். நல்ல கேள்விதான். தட்டின் முன்னால் பிள்ளை கைகூப்பி நிற்கிறது. போடுகிற காசுக்குப் பதிலாக யாரும் அதைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கேபின் வாசலில் நிற்கும் மனிதருக்கோ அந்தக் கட்டாயம் இருக்கிறது. அவருடைய பிள்ளையும் இதே வயதில் பல்லாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கலாம். பெரியவர்கள் பெரியவருக்குக் கொடுக்க வேண்டிய கூலி அது.

பிள்ளை செய்யக்கூடிய வேலை வேறு இருக்கிறது. அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அண்ணா என்றோ ஆன்ட்டி என்றோ மரியாதையாகக் கூப்பிடலாம். கீழே விழுந்த பென்சிலைத் தானே எடுக்கலாம். என் மகள் வாந்தி எடுத்த மறுநாள், கட்டில் ஏணியையும் பச்சை ஆப்பிளையும் ஒரு தாளில் வரைந்து, கீழே நன்றி என்று தமிழில் எழுதித் தலையணை மேல் வைத்தாள். இறங்கும் நாளில் அந்தத் தாள் அவருடைய தள்ளுவண்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தது. நான் என் பங்குக்கு, கப்பல் நிறுவனம் அனுப்பிய கருத்துப் படிவத்தில் அவருடைய பெயரைக் குறிப்பிட்டு இரண்டு வரி எழுதினேன். பெயரோடு வரும் பாராட்டு அடுத்த ஒப்பந்தத்தின்போது கைகொடுக்கும் என்று பரிமாறும் பெண்ணொருத்தி சொன்னதுதான் காரணம். வெள்ளிக்கிழமை என்றால் என் மாமியாருக்கு மரக்கறி மட்டும் என்பதை ஒரு முறை கேட்டு நினைவில் வைத்துக்கொண்டவள் அவள்.

தங்கை கடைசியில் எண்ணிக்கைதான் கேட்டாள், ஆகையால் எண்ணிக்கையையும் எழுதிவிடுகிறேன். பிள்ளைகளின் சேவைக் கட்டணத்தை நீக்காதே. அதற்கு மேல், நான்கு இரவுக்குக் கேபினைப் பார்த்துக்கொள்பவருக்கு 400 ரேண்ட். பாதியை முதல் நாளே கொடுத்துவிடு, பிள்ளைகள் என்ன செய்யப் போகிறார்கள் என்பது அவருக்கும் அப்போதே தெரிந்திருக்கும். உணவு மேசையில் உள்ள இருவருக்குமாக 300. பிள்ளைகள் விளையாட்டு அறையில் நாள் முழுதும் கிடப்பார்கள் என்றால் அங்கே இருப்பவர்களை மறந்துவிடாதே. பல கப்பல்களில் அவர்கள் பொதுப் பங்கில் வருவதில்லை. பணம் வாங்கக் கூடாது என்ற விதியும் சில இடங்களில் உண்டு, கேட்டுவிட்டுக் கொடு. இவ்வளவும் கைக்கு மீறினால் பயணத்தில் ஓர் இரவைக் குறைத்துக்கொள். இணையத் தொகுப்பையும் புகைப்படத் தொகுப்பையும் முதலில் வெட்டு. அந்தப் புகைப்படங்களை நாங்கள் இதுவரை ஒரு முறைகூடத் திறந்து பார்க்கவில்லை.

இதைப் பதிவிடுவதற்கு முன் அவளுக்கு அனுப்பினேன். 400 அதிகம், 300 போதும் என்று பதில் வந்திருக்கிறது. பெரியவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது என்பதை அவள் மறந்துவிட்டாள் போலிருக்கிறது.