பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?

மருத்துவமனையில் எந்த வார்டுக்குப் போனாலும் இந்தக் கேள்வி வரும். மனைவி, மகன், மச்சான் என்று எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள். 'ஃபிரெண்ட்' என்றால் மட்டும் பேனா நின்றுவிடும். "சொந்தக்காரங்க யாரும் வரலையா?" நாள்பட்ட நோயில் கிடப்பவருக்குச் சொந்தபந்தம் எவ்வளவு தேவையோ, அதே அளவு பழைய சிநேகிதமும் தேவை என்பது என் கட்சி. அதற்கு நம் ஆஸ்பத்திரியிலும் இடமில்லை, பல வீடுகளிலும் இடமில்லை.

என் அண்ணன் கிட்னி பழுதாகி, மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸில் இருக்கிறார். வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள், அதாவது ஊசி குத்த வசதியாகத் தமனியையும் சிரையையும் ஆபரேஷன் செய்து இணைத்திருக்கிறார்கள். விரலை வைத்தால் கிர்ரென்று ஓர் அதிர்வு தெரியும். அந்தக் கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. சிறுநீர் போவது அநேகமாக நின்றுவிட்டதால் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். அதை மெஷின்தான் இழுத்து எடுக்க வேண்டும். ஒரேயடியாக அதிகம் இழுத்தால் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அதனால் அண்ணி டம்ளர் டம்ளராகக் கணக்கு எழுதுகிறார். ஊறுகாய், அப்பளம் வீட்டுக்குள்ளேயே வருவதில்லை. காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பு. அவர் வாயைத் திறந்தால் நாங்கள் எல்லோரும் எடை எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்றுதான் கேட்கிறோம். பாசம்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பாசத்தில் மனிதர் மெல்ல மெல்ல ஒரு ஃபைலாக மாறிக்கொண்டிருந்தார்.

அவருடைய பள்ளிக்கூடத்து சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். லேத் பட்டறை வைத்திருந்தவர். அவர் வந்தால் கிரியேட்டினின் போன்ற ரத்தப் பரிசோதனைக் கணக்கைப் பற்றிக் கேட்க மாட்டார். "என்னடா, இன்னிக்கு உங்கிட்டேருந்து எத்தனை லிட்டர் திருடுனானுங்க?" என்றுதான் ஆரம்பிப்பார். அப்புறம் கபடி. எழுபதுகளில் ஏதோ ஒரு பொங்கல் போட்டியில் அண்ணன் பாடிப் போய்த் திரும்பும்போது நடுக்கோட்டைத் தொட்டாரா, இல்லையா என்பது இன்றுவரை தீராத வழக்கு. ஊசி குத்தியிருக்கும் கையை ஆட்டக் கூடாது என்பதால் அண்ணன் வலது கையால் கோடு போட்டுக் காட்டுவார். சிநேகிதர் இல்லவே இல்லை என்பார். சத்தம் கேட்டு நர்ஸ் வந்துவிடுவார். அந்த நேரத்தில் அங்கே படுத்திருப்பது நோயாளி அல்ல, ஊர் டீமின் ரைடர்.

இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் அண்ணன் அவரிடம், "போதும்டா, நிறுத்திடலாம்னு இருக்கு" என்றிருக்கிறார். இதை அண்ணியிடம் அவரால் சொல்ல முடியுமா? என்னிடம்கூடச் சொல்லவில்லை. நாங்கள் அழுதிருப்போம், இல்லையென்றால் தைரியம் சொல்கிறேன் என்று கிளம்பியிருப்போம். சிநேகிதர் சொன்னாராம்: "சரி. ஆனா திங்கக்கிழமை எனக்குக் கோர்ட்டுல வேலை இருக்கு. செவ்வாய் வர்றேன், உக்காந்து பேசுவோம்." செவ்வாய்க்கிழமை வந்தார், பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. அண்ணன் அடுத்த முறைக்குத் தானாகவே கிளம்பிப் போனார். இது எனக்கே ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

கிட்னி தருகிறேன் என்றும் வந்து நின்றார் அந்த மனிதர். 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன், மனைவி ஆகியோர்தான் நெருங்கிய உறவு. 2011 திருத்தத்தில் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். நண்பர் தரலாம், ஆனால் அங்கீகாரக் குழுவின் முன்னால் போய்ப் பாசத்தால்தான் தருகிறேன், பணத்துக்காக இல்லை என்று நிரூபிக்க வேண்டும். 2014 விதிகளின்படி இருவரும் சேர்ந்து எடுத்த பழைய புகைப்படங்களையும் குழு பார்க்கும். இதை நான் குறை சொல்ல மாட்டேன். ஏழைகள் பணத்துக்காகக் கிட்னியை விற்றதால் சென்னை வில்லிவாக்கத்துக்கு 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வந்த கதை தெரிந்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் சிரிப்பு வந்தது. இவர்கள் இருவரும் சேர்ந்திருக்கும் ஒரே படம் எஸ்.எஸ்.எல்.சி. குரூப் போட்டோ. அதிலும் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் நிற்கிறார்கள்! கடைசியில் விஷயம் குழு வரைக்கும் போகவில்லை. சிநேகிதருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, டாக்டர் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்றுவிட்டார்.

எல்லா நண்பர்களும் இப்படி என்று சொல்ல வரவில்லை. வாட்ஸப்பில் பூங்கொத்து அனுப்பிவிட்டு ஒதுங்கியவர்கள் உண்டு. அவர்களைக் கெட்டவர்கள் என்று நினைக்கவில்லை, அறுபதைத் தாண்டியவர்களுக்கு அந்த மெஷினைப் பார்த்தால் பயம் வரத்தான் செய்யும். கஷாயம் சிபாரிசு செய்கிறவர்களைத்தான் தாங்க முடியவில்லை. என்ன மூலிகை என்றே தெரியாததைக் கிட்னி போனவருக்குக் கொடுக்கலாமா?

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய சிநேகிதர் பார்க்க வந்தால் "அதிகம் பேச வேண்டாம், டயர்ட் ஆயிடுவார்" என்று வாசலிலேயே சொல்லாதீர்கள். ஒரு காபியைக் கொடுத்துவிட்டு, ஏதாவது சாக்குச் சொல்லி அரை மணி நேரம் வெளியே போங்கள். பார்க்கப் போகிற நண்பர்களுக்கும் ஒன்று: வெறுங்கையோடு போங்கள், பரவாயில்லை. வெயில் காலமாயிற்றே என்று இளநீர் மட்டும் வாங்கிப் போகாதீர்கள். அதில் இருக்கும் பொட்டாசியம் டயாலிசிஸ்காரருக்கு நெஞ்சுத் துடிப்பையே குழப்பிவிடும்.