விரலில் சக்கரம் இருந்தால் கணக்கு வருமா?

"சித்தி, எனக்குக் கணக்கு வராது. என் விரல்லயே அப்படித்தான் இருக்கு."

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது அவள் மகன் இதைச் சொன்னான். நான்காம் வகுப்பு படிக்கிறான். அழுதுகொண்டு சொல்லவில்லை, கோபமாகவும் சொல்லவில்லை. எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னான். அதுதான் என்னை உலுக்கிவிட்டது. பதினாறு வருடமாக அரசு நடுநிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். "எனக்குக் கணக்கு வராது டீச்சர்" என்று எத்தனையோ பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்குத் தன் விரலையே சாட்சியாக நீட்டிய பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறேன்.

விசாரித்தேன். அவன் படிக்கும் தனியார் பள்ளியில் ஒரு "முகாம்" நடந்திருக்கிறது. பள்ளியின் பெயர் போட்ட தாளிலேயே சுற்றறிக்கை வந்திருக்கிறது. டிஎம்ஐடி என்று ஒரு சோதனையாம். பத்து விரலையும் ஸ்கேனரில் வைத்தால், பிள்ளையின் பிறவித் திறமை என்ன, எந்த வகையில் சொல்லிக்கொடுத்தால் ஏறும், பின்னாளில் என்ன படிக்க வைக்கலாம் என்று எல்லாம் தெரிந்துவிடுமாம். கட்டணம் 4,500 ரூபாய். ஒரு வாரத்தில் பளபளப்பான அட்டை போட்டு 38 பக்க ரிப்போர்ட் வந்திருக்கிறது.

அக்கா அதைப் பீரோவில், பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வைத்திருந்தாள். எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு விரலையும் மூளையின் ஒரு பகுதியோடு கோடு போட்டு இணைத்திருக்கிறார்கள். இடது மூளை 46 சதவீதம், வலது மூளை 54 சதவீதம். உள்ளங்கையில் மூன்று புள்ளிகளுக்கு இடையே ஒரு கோணத்தை அளந்து, அதுதான் கற்கும் வேகம் என்கிறார்கள். எட்டு வகை அறிவுக்கும் தனித்தனியாகச் சதவீதம். இசை முதலிடம். கணக்கும் தர்க்கமும் கடைசி இடம், 7.2 சதவீதம். தசமப் புள்ளி வேறு. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் 2-ஐப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு துல்லியமாக அளக்க அந்த விரலில் என்ன இருக்கிறது?

இதை விற்பவர்கள் பேசுவதைக் கேட்டால் முதலில் அறிவியல் மாதிரியே இருக்கும். ஏனென்றால் உண்மையான ஒரு செய்தியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். விரல் ரேகை தாயின் வயிற்றிலேயே, சுமார் பத்தாவது வாரத்தில் உருவாகத் தொடங்குகிறது. மேல்தோலும் மூளையும் கருவின் ஒரே அடுக்கிலிருந்து, அதாவது புறப்படையிலிருந்து வருகின்றன. இரண்டும் சரி. ஆனால் முடியும் நகமும் பல்லின் எனாமலும்கூட அதே புறப்படையிலிருந்துதான் வருகின்றன. பிள்ளையின் நகத்தைப் பார்த்து அவன் வக்கீல் ஆவான் என்று யாராவது சொன்னால் நாம் ஏற்றுக்கொள்வோமா? ஒரே இடத்தில் பிறந்தவை என்பதால் ஒன்றைப் பார்த்து இன்னொன்றைப் படித்துவிடலாம் என்று ஆகாது.

ரேகையை ஆராயும் துறை ஒன்று நிஜமாகவே இருக்கிறது. டெர்மட்டோகிளிஃபிக்ஸ் என்று அதற்கு 1926-இல் பெயர் வைத்தவர் ஹெரால்ட் கம்மின்ஸ் என்ற அமெரிக்க உடற்கூற்றியல் அறிஞர். பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் கைரேகை அமைப்பில் சில வேறுபாடுகள் அதிகமாகக் காணப்படுவதை அவர் பதிவு செய்தார். குரோமோசோம் மாறினால் கருவின் வளர்ச்சி மாறும், அதன் தடம் தோலிலும் தெரியலாம். அவ்வளவுதான் சங்கதி. இன்றைக்கு எந்த மருத்துவரும் உள்ளங்கையைப் பார்த்து மட்டும் டவுன் சிண்ட்ரோம் என்று முடிவு சொல்லிவிட மாட்டார், குரோமோசோம் பரிசோதனை செய்துதான் உறுதிப்படுத்துவார். அங்கிருந்து "இந்தப் பையனுக்குக் கணக்கு 7.2" என்பதற்குப் பாதையே கிடையாது.

இன்னொன்று சொல்கிறேன். ரேகைக்கும் புத்திக்கும் தொடர்பு உண்டா என்று ஒருவர் நூறு வருடங்களுக்கு முன்பே தேடிப் பார்த்துவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் ஃபிரான்சிஸ் கால்டன். அறிவு பரம்பரையாக வருகிறது என்பதில் அசைக்க முடியாத நம்பிக்கை வைத்திருந்த மனிதர், ரேகையில் அதற்கு ஓர் அடையாளம் கிடைத்திருந்தால் அவரைப் போல மகிழ்ந்திருக்கக்கூடியவர் யாரும் இல்லை. அறிவியல் மாணவர்கள், ஓவிய மாணவர்கள், பண்ணைக் கூலிகள், மனவளர்ச்சி குன்றியோர் இல்லத்தில் இருந்தவர்கள் என்று பலருடைய ரேகைகளையும் எடுத்து ஒப்பிட்டார். வேறுபாடு எதுவும் தென்படவில்லை என்று 1892-இல் தானே எழுதியும் வைத்தார். அவருடைய மற்றக் கருத்துகள் பலவற்றை நான் வெறுக்கிறேன். ஆனால் தான் ஆசைப்பட்டது கிடைக்கவில்லை என்பதை மறைக்காமல் சொன்னாரே, அதை மதிக்கிறேன்.

நம் நாட்டு மருத்துவர்களும் பேசாமல் இருக்கவில்லை. இந்திய மனநல மருத்துவர்கள் சங்கம் 2019-இல், டிஎம்ஐடிக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று வெளிப்படையாகவே நிலைப்பாட்டை அறிவித்தது. அந்தச் செய்தி எத்தனை பெற்றோரின் வாட்ஸ்ஆப்புக்கு வந்தது? இந்தச் சோதனையைப் புகழ்ந்து பேசும் யூடியூப் வீடியோக்கள் மட்டும் தமிழில் வேண்டிய அளவுக்குக் கிடைக்கின்றன.

அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்படியே நம்ம பையன் குணத்தை எழுதியிருக்காங்கடி, எப்படி?" என்றாள். நியாயமான கேள்வி. ரிப்போர்ட்டில் இருந்த ஒரு பத்தியை எடுத்தேன். "சில நேரம் கலகலப்பாகப் பழகுவார், சில நேரம் தனிமையை விரும்புவார். பிடித்த வேலை என்றால் முழுமூச்சாக இறங்குவார். பாராட்டினால் இன்னும் சிறப்பாகச் செய்வார்." இது மாமாவைப் பற்றியது என்று சொல்லிப் படித்துக் காட்டினேன். "அவரேதான்டி!" என்றாள். அப்புறம் உண்மையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

உளவியலில் இது பழைய விஷயம். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஓர் ஆளுமைச் சோதனை வைத்தார். முடிவு என்று சொல்லி ஆளுக்கொரு தாள் கொடுத்தார். உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது, 5-க்கு மதிப்பெண் போடுங்கள் என்றார். சராசரி 4-க்கு மேல் வந்தது. பிறகுதான் சொன்னார், எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதில் இருந்த வாக்கியங்கள் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை என்று. யாருக்கும் பொருந்தும் வாக்கியத்தைத் தனக்கென்றே எழுதியதாக எடுத்துக்கொள்வது நம் எல்லோருக்கும் உள்ள இயல்பு. படித்தவர், படிக்காதவர் என்ற பேதமே இதில் கிடையாது.

நம் ஊரில் இது இன்னும் சுலபமாக ஏறுகிறது. விரலில் சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணிப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வைத்தீஸ்வரன் கோயிலில் நாடி பார்க்கப் போனால், ஆணுக்கு வலது கட்டைவிரல், பெண்ணுக்கு இடது கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டுதான் ஓலை தேடுவார்கள். ஜோசியத்தில் நம்பிக்கை உள்ளவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அதை ஜோசியம் என்று தெரிந்துதான் போகிறார்கள். லேப்டாப்பும் ஸ்கேனரும் மூளைப் படமும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்து, அறிவியல் என்று சொல்லி விற்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. என் பாட்டி கையெழுத்துப் போடத் தெரியாமல் ரேகை உருட்டியவர். "கைநாட்டு" என்ற சொல்லை ஒரு வசவாகவே கேட்டு வாழ்ந்தவர். அந்த வசவிலிருந்து வெளியே வரத்தான் எங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கேயே திரும்பவும் விரலை உருட்டச் சொல்கிறார்கள்.

எட்டு வகை அறிவு என்பது ஹாவர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் சொன்னது. 1983-இல் ஏழு என்றார், பிறகு எட்டாக்கினார். அந்தக் கோட்பாட்டுக்கே போதிய சான்று இல்லை என்று உளவியலாளர்கள் பலர் சொல்கிறார்கள். அது தனி விவாதம். ரேகையிலிருந்து கணக்கிடலாம் என்பது அந்தக் கோட்பாட்டில் இல்லவே இல்லை. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர் என்று பிரிப்பதும் இப்படித்தான். ஆசிரியர் பயிற்சியில் எனக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் பல வருடம் நம்பினேன். பிள்ளையின் வகைக்கு ஏற்றபடி பாடம் நடத்தினால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை என்று 2008-இல் நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசி எழுதினார்கள். அதைப் படித்த பிறகுதான் விட்டேன்.

"சரி, 4,500 ரூபாய் போனால் போகட்டும், பிள்ளையைப் பற்றி யோசிக்கவாவது வைக்கிறதே" என்று சிலர் சொல்கிறார்கள். பணம் பெரிய விஷயம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அந்த ரிப்போர்ட்டைப் பிள்ளையும்தானே படிக்கிறான்? ஒன்பது வயதில் அச்சடித்த தாளில் தன் பெயருக்குக் கீழே "கணக்கு கடைசி" என்று இருந்தால் அவன் என்ன நினைப்பான்? அதுவும் பரீட்சை மதிப்பெண் இல்லை இது. மதிப்பெண் என்றால் அடுத்த முறை கூட வாங்கலாம். ரேகை மாறாது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அம்மாவும் அதையே சொல்கிறாள். டியூஷன் அக்காவும் "அவனுக்கு மியூசிக்தான் வரும்" என்று விட்டுவிட்டாள். இனி அவன் எதற்காகக் கஷ்டப்பட்டு ஒரு கணக்கைப் போட வேண்டும்?

இதைவிடப் பெரிய தீங்கும் உண்டு. எங்கள் பள்ளிக்கு ஆறாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை வந்தாள். நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் வராது. அதற்கு முன்பு படித்த இடத்தில் இதே சோதனையைச் செய்து, "செய்து கற்பவர், புத்தகம் ஒத்துவராது" என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெற்றோரும் நிம்மதியாகிவிட்டார்கள். அவளுக்கு இருந்தது டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தைப் படிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு. முறையாகப் பரிசோதித்துப் பயிற்சி தொடங்குவதற்குள் இரண்டு வருடம் வீணாகியிருந்தது. கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் எழுதித்தர ஆளும் கேட்டுப் பெறலாம். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் என்று அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது, அங்கே பிள்ளைகளைக் கட்டணம் இல்லாமலே பார்க்கிறார்கள். உங்கள் பிள்ளை படிப்பில் தடுமாறினால் முதலில் அங்கே போங்கள், தயவுசெய்து. கண், காது இரண்டையும் முதலில் சோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாமல் "மக்கு" என்று பெயர் வாங்கிய பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன்.

பெற்றோரை நான் குறை சொல்லவில்லை. அக்காவும் மாமாவும் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். ராத்திரி ஏழரைக்கு வீடு திரும்பி, பிள்ளை ஏன் படிக்கவில்லை என்று உட்கார்ந்து பார்க்க அவர்களுக்குத் தெம்பு கிடையாது. அந்த இடத்தில்தான் யாரோ வந்து ஒரே தாளில் பதில் தருகிறேன் என்கிறார்கள். என் கோபமெல்லாம் அவர்களை உள்ளே விட்ட பள்ளி நிர்வாகத்தின் மேல். பிள்ளையை வருடம் முழுக்கப் பார்க்கும் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஐந்து நிமிடம் ஸ்கேனர் பிடித்தவருக்குத் தெரிந்ததைவிட அவருக்கு நூறு மடங்கு தெரியும்.

அன்று சாயங்காலம் அவனுடைய கணக்கு நோட்டை வாங்கிப் பார்த்தேன். 500-இலிருந்து 187-ஐக் கழித்து 487 என்று எழுதியிருந்தான். 600-இலிருந்து 248-ஐக் கழித்து 448. ஆசிரியர் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருந்தார், அவ்வளவுதான். உற்றுப் பாருங்கள், இரண்டும் ஒரே தப்பு. மேலே பூஜ்யம் இருந்தால், கீழே இருக்கும் எண்ணை அப்படியே இறக்கிவிடுகிறான். கணக்கு வராத பிள்ளை ஒவ்வொரு கணக்கிலும் ஒவ்வொரு விதமாகத் தப்புப் போடுவான் என்று நினைக்கிறோம். இவன் ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒழுங்காகத் தப்புப் போட்டிருக்கிறான். கடன் வாங்கிக் கழிப்பது நடத்திய வாரத்தில் அவனுக்கு அம்மை போட்டிருந்ததாக அக்கா சொன்னாள்.

பழைய காலண்டர் தாளை வெட்டி நூறு ரூபாய், பத்து ரூபாய், ஒரு ரூபாய் என்று எழுதிக்கொண்டோம். நான் கடைக்காரி. ஐந்து நூறு ரூபாய்த் தாளை வைத்துக்கொண்டு எனக்கு 187 ரூபாய் சரியாகக் கொடு என்றேன். கையைப் பிசைந்தான். "சித்தி, சில்லறை மாத்தணும்" என்றான். மாற்று என்றேன். ஒரு நூறைப் பத்துப் பத்தாக்கினான், அதில் ஒரு பத்தை ஒன்றுகளாக்கினான். கொடுத்தது போக மிச்சத்தை இரண்டு முறை எண்ணினான். 313. நோட்டில் இருந்த 487-ஐப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

அடுத்து 403-இலிருந்து 186. ரூபாய்த் தாள் இல்லாமலேயே போட்டான். நடுவில் பூஜ்யம் வந்ததும் நின்றுவிட்டான், உதட்டைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான். நான் வாயைத் திறக்கவில்லை. 217 என்று எழுதினான். அன்றைக்கு எட்டுக் கணக்கு போட்டதில் ஆறு சரி. வகுத்தலில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. காலாண்டு விடுமுறைக்கு என் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வரும்போது அந்த ரிப்போர்ட்டையும் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன். பின்பக்கமெல்லாம் வெள்ளையாக இருக்கிறது, கணக்குப் போட்டுப் பார்க்க உதவும்.