டாமி ஜானின் முழங்கையை எடுத்துக்கொண்டார்கள், பந்துவீச்சை விட்டுவிட்டார்கள்

பேஸ்பால் செய்தி படிப்பவர்களுக்கு இது பழகிப்போன வரி: "இன்னாருக்கு முழங்கை போய்விட்டது, டாமி ஜான் செய்துகொள்கிறார், ஒரு வருடத்துக்கு மேல் ஆட மாட்டார்." முழங்கை எலும்புகளை இணைக்கும் தசைநார் அறுந்தால் செய்யும் அறுவை சிகிச்சை அது; முதலில் அதைச் செய்துகொண்டவரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. இன்றைய நட்சத்திரங்களில் ஒதானி செய்துகொண்டார், டிகிராம் இரண்டு முறை செய்துகொண்டார். ஆனால் அந்த டாமி ஜான் எப்படிப் பந்து வீசினார் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கு இதில் ரொம்ப நாளாகவே ஒரு ஆதங்கம் உண்டு.

1974 ஜூலை 17. டாட்ஜர்ஸ் அணியின் இடதுகைப் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், டாமி ஜான், வயது 31, அந்த சீசனில் 13 வெற்றி, 3 தோல்வி. (பேஸ்பாலில் அணியின் வெற்றி தோல்வியைப் பிட்சரின் கணக்கிலும் எழுதுவார்கள்.) மாண்ட்ரியல் அணிக்கு எதிராக ஒரு பந்தை வீசும்போது முழங்கையில் ஏதோ அறுந்ததுபோல இருந்தது. இன்னொன்று வீசிப் பார்த்தார். சரிவரவில்லை. தானே மைதானத்தை விட்டு இறங்கிப்போய், வேறு ஆளை அனுப்பச் சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்தில் அதோடு கதை முடிந்தது என்றுதான் அர்த்தம். அதே டாட்ஜர்ஸின் பிட்சர் சாண்டி கோஃபாக்ஸ் 1966இல் 27 ஆட்டங்களை ஜெயித்துவிட்டு, முழங்கை வலி தாங்காமல் 30 வயதில் ஓய்வு பெற்றவர். அவருக்கே வழி இல்லை.

டாக்டர் ஃபிராங்க் ஜோப் ஒரு வழி யோசித்தார். உங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்துவைத்து மணிக்கட்டை லேசாக உள்ளே மடக்கிப் பாருங்கள். நடுவில் ஒரு தசைநாண் கம்பிபோல எழுந்து நிற்கும். (சிலருக்கு இருக்காது. இல்லாததால் ஒரு குறையும் இல்லை.) டாமி ஜானின் வலது கையிலிருந்து அதை எடுத்து, இடது முழங்கை எலும்புகளில் துளை போட்டு, அறுந்த தசைநாருக்குப் பதிலாகக் கோத்துக் கட்டினார். மறுபடி பந்து வீச நூற்றில் ஒரு வாய்ப்பு என்று முன்பே சொல்லிவிட்டார். அப்புறம் நரம்பில் சிக்கல் வந்து விரல்கள் மடங்கிப்போக, இன்னொரு அறுவை சிகிச்சை. 1975 முழுக்க ஆட்டமே இல்லை.

1976இல் திரும்பி வந்தார். 1977இல் 20 வெற்றி, யாங்கீஸ் அணிக்குப் போய் 1979இல் 21, 1980இல் 22. கை நன்றாக இருந்தபோது ஒரு சீசனில்கூட 20ஐத் தொடாதவர்! மொத்தம் 288 வெற்றிகளில் 164 அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தவை. 1989இல், 45 வயதில், யாங்கீஸின் சீசன் முதல் ஆட்டத்தில் இறங்கி ஜெயித்தார்.

இதை மருத்துவ அதிசயம் என்று மட்டும் சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஜோப் கொடுத்தது ஒரு கை. அதை 46 வயது வரை ஓட்டியது அந்த மனிதர் பந்து வீசிய விதம். அவருடைய ஆயுதம் சிங்கர், அதாவது பேட்டருக்குப் பக்கத்தில் வந்ததும் கீழே இறங்கும் பந்து. அடித்தால் தரையில் உருளும், பேட்டர் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸுக்கு ஃபீல்டர் அதைப் பொறுக்கி முன்னதாக எறிந்தால் அவுட். வேகம் பெரிதாக இல்லை. "கோஃபாக்ஸின் ஃபாஸ்ட்பாலை, அதாவது அதிவேகப் பந்தை, கைக்குள்ளே வைத்துத் தைக்கச் சொன்னேன், வைத்தார்கள், ஆனால் அது திருமதி கோஃபாக்ஸுடையது" என்று டாமி ஜானே கிண்டலடித்திருக்கிறார். அந்த 'வேகமில்லாத' கையால்தான் 1979இல் 276 இன்னிங்ஸ் வீசினார் (ஒரு ஆட்டத்தில் ஒரு அணி வீசுவது வழக்கமாக ஒன்பது இன்னிங்ஸ்தான்). இன்று 200 தாண்டுபவர்களே ஒரு கைப்பிடி.

இன்றைய பேஸ்பால் இவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அறுவை சிகிச்சையை மட்டும்தான். சராசரி ஃபாஸ்ட்பாலே மணிக்கு 150 கிலோமீட்டர். ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசு, அறுந்தால் தைத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு பள்ளிக்கூட மைதானம் வரை இறங்கிவிட்டது. பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் அறுவை சிகிச்சை மேசையில் படுக்கிறார்கள். வேகம் இருந்தால்தான் தேர்வாளர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதால் பையன்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வேகமில்லாமல் கீழே இறங்கும் சிங்கரோடு ஒரு 17 வயது டாமி ஜான் இன்று வந்து நின்றால் எத்தனை அணிகள் சீண்டும்? ஒன்றுகூட இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவர் ஒன்றும் குறையே இல்லாத ஆட்டக்காரர் அல்ல. 1988இல் உருண்டு வந்த ஒரு பந்தைத் தவறவிட்டு, முதல் பேஸுக்குத் தாறுமாறாக எறிந்து, திரும்பி வந்த பந்தைக் குறுக்கே பிடித்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் தாறுமாறாக எறிந்து, ஒரே ஆட்டநிகழ்வில் மூன்று பிழை செய்தவர். அந்த ஆட்டத்தையும் யாங்கீஸ் 16-3 என்று ஜெயித்தது தனிக் கதை. சீசன் கடைசியில் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் மூன்று ஆடினார், மூன்றிலும் அவருடைய அணி தோற்றது.

பேஸ்பாலின் தலைசிறந்தவர்களைச் சேர்க்கும் ஹால் ஆஃப் ஃபேமின் கதவு அவருக்கு இன்னும் திறக்கவில்லை. 300 வெற்றிக்கு 12 குறைகிறது, உச்சத்தில் இருந்தது கொஞ்ச காலம், மீதியெல்லாம் நீண்ட நாள் ஆடிச் சேர்த்த கணக்கு என்பார்கள். கை தைக்கப்பட்ட ஒருவன் அதற்குப் பிறகு 14 சீசன் ஆடுவது சாதாரண விஷயமா? 2013இல் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் டாக்டர் ஜோப்பைக் கௌரவித்தார்கள், தகும். 2024 டிசம்பரில், பழைய ஆட்டக்காரர்களைப் பரிசீலித்துத் தேர்ந்தெடுக்கும் மூத்தோர் குழுவின் பட்டியலில் டாமி ஜானும் இருந்தார், டிக் ஆலனும் இருந்தார். 1971இல் வைட் சாக்ஸ் அணி டாமி ஜானை டாட்ஜர்ஸுக்குக் கொடுத்து வாங்கியது இந்த ஆலனைத்தான். ஆலனைத் தேர்ந்தெடுத்தார்கள், எனக்கு அதில் சந்தோஷம்தான். 81 வயது டாமி ஜானை மறுபடி வெளியே நிறுத்தியதற்கு மட்டும் ஒரு நல்ல காரணம் யாராவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.