முதல் நாளில் கடைசி பெஞ்சில் உட்கார விடுங்கள்

இரண்டாம் ஆண்டு பி.எட். மாணவர்கள் இன்டர்ன்ஷிப்புக்காகப் பள்ளிகளுக்கு வரத் தொடங்கும் நேரம் இது. அவர்களை வரவேற்கும் தலைமையாசிரியர்களிடமும் என்னைப் போன்ற வழிகாட்டி ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோளை வைக்கவே இதை எழுதுகிறேன். முதல் நாளில் அவர்களை ஆசிரியர் இல்லாத வகுப்புக்கு அனுப்பாதீர்கள்.

நான் பயின்றபோது பி.எட். ஓராண்டுப் படிப்பு. கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு மேல்நிலைப் பள்ளிக்குச் சென்ற முதல் நாள், காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, எட்டாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் விடுப்பு என்று சொல்லி என்னை அந்த வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். நான் தமிழ் படித்தவள். "பாடம் நடத்த வேண்டாம்மா, சத்தம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்" என்றார்கள். கல்லூரியில் நுண்நிலைக் கற்பித்தல் என்னும் சிறு அளவிலான பயிற்சியின்போது உடன் படிப்பவர்கள் சிலரையே மாணவர்களாக உட்காரவைத்து, தொடங்கும் திறன், மேலும் மேலும் துருவிக் கேட்கும் கிளர்வினாத் திறன், பாராட்டி ஊக்கும் வலுவூட்டும் திறன் என ஒவ்வொன்றையும் ஆறேழு நிமிடங்கள் பழகியிருந்தேன். ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே நேரத்தில் எழுந்து வணக்கம் சொன்னபோது அவற்றில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கரும்பலகையில் மூன்று குறள்களை எழுதி, பார்த்து எழுதச் சொன்னேன். எல்லாரும் குனிந்து எழுதினார்கள். வராந்தாவில் சென்ற ஆசிரியர் ஒருவர் வகுப்பின் அமைதியைப் பாராட்டினார். அன்று மாலை மகிழ்ச்சியோடுதான் வீடு திரும்பினேன்.

இரண்டு வாரம் கழித்து, அதே வகுப்பில் என் வழிகாட்டி ஆசிரியை பாடம் நடத்த, பிறர் பாடம் நடத்துவதைக் கவனித்துக் குறித்துவைக்கும் உற்றுநோக்கல் பதிவேட்டோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்த சிறுமி பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். கையெழுத்து அழகாக இருந்தது. ஆனால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். 'கொ' வந்தபோது இடம் விட்டு முதலில் 'க'வை எழுதி, பிறகு கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் சேர்த்தாள். அவள் எழுதவில்லை, எழுத்துகளை வரைந்துகொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் புரிந்தது. எழுதிய வரியை மெல்லப் படித்துக் காட்டச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டாள். அவள் நோட்டின் முன்பக்கங்களில் நான் முதல் நாள் எழுதிப்போட்ட மூன்று குறள்களும் ஒரு பிழையும் இல்லாமல் இருந்தன.

வகுப்பின் முன்னால் நிற்பவருக்குக் குனிந்த தலைகள்தான் தெரியும், நோட்டு தெரியாது. பல ஆண்டுகள் பழகிய ஆசிரியர் நடந்து சென்று பார்ப்பார், யாரை எழுப்பிக் கேட்க வேண்டும் என்றும் அறிவார். முதல் நாள் வந்தவருக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? அவருடைய கவனமெல்லாம் தன் குரல் நடுங்காமல் இருப்பதிலும் மணி அடிக்கும்வரை வகுப்பைச் சமாளிப்பதிலும்தான் இருக்கும். அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்ற தவறான பாடத்தை அவர் அந்த நாற்பது நிமிடங்களில் கற்றுவிடுகிறார், அது பல ஆண்டுகளுக்கு விலகுவதில்லை.

இது என் தனிப்பட்ட விருப்பம் மட்டுமன்று. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 நெறிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கியபோது, பள்ளியில் செலவிட வேண்டிய காலத்தை 20 வாரங்களாக, அதாவது முதலாண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16 என நிர்ணயித்தன. இரண்டாம் ஆண்டுக்குரிய காலத்தின் தொடக்கத்தில் ஒரு வாரம், வழக்கமான ஆசிரியர் வழக்கமான வகுப்பை நடத்துவதை உற்றுநோக்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த வாரத்தை நாம்தான் விடுப்பில் இருப்பவர்களின் பாடவேளைகளுக்குத் தின்னக் கொடுத்துவிடுகிறோம்.

தலைமையாசிரியர்களின் நெருக்கடியும் எனக்குத் தெரியும். காலிப் பணியிடம், தேர்தல் பணி, பயிற்சிக் கூட்டம் என ஒரே நாளில் மூன்று பேர் வராத பள்ளியில் இளம் கைகள் நான்கு கிடைத்தால் யாருக்கும் அந்த எண்ணம் வரத்தான் செய்யும். ஆயினும் ஆள் பற்றாக்குறையைத் தீர்க்க வேண்டியவர் பேருந்துக் கட்டணத்தையும் தன் கைக்காசிலிருந்து கொடுத்து வரும் மாணவர் அல்லர். கல்லூரிப் பேராசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உற்றுநோக்கல் பதிவேட்டைக் கடைசி வாரத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி முடிப்பது உங்களுக்குத் தெரியாததன்று. வண்ணத்தாள் ஒட்டிய பாடத்திட்டக் குறிப்பேடுகளுக்குத் தரும் மதிப்பெண்ணில் ஒரு பகுதியையேனும் அதற்குக் கொடுங்கள்.

என் வகுப்புக்கு வரும் பயிற்சி ஆசிரியர்களிடம் முதல் நாள் பாடக்குறிப்பு கேட்பதில்லை. மூன்று பிள்ளைகளை அவர்களே தேர்ந்தெடுத்து, அந்தப் பிள்ளைகள் நாள் முழுதும் செய்வதை மட்டும் எழுதச் சொல்கிறேன். சென்ற ஆண்டு வந்த தம்பி ஒருவர், மூன்றாம் வரிசைப் பையன் பலகையைப் பார்ப்பதே இல்லை, பக்கத்து நோட்டைப் பார்த்தே எழுதுகிறான் என்று எழுதியிருந்தார். அந்தப் பையனுக்கு ஆறு மாதமாகப் பாடம் நடத்திவந்த எனக்கு அது தெரியாது. கண் பரிசோதனைக்கு அனுப்பினோம். இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு அதே வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.