ஃபிளட்டரா, ரியாக்ட் நேட்டிவா?

ஒரே கோடை எழுதி ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டுக்கும் ஆப் செய்ய உதவும் கருவிகள் இவை. புது ஆப் வேலை தொடங்கும்போதெல்லாம் எதை எடுப்பது என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். உங்கள் குழுவில் யாருக்கு என்ன தெரியும் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். ரியாக்ட் நேட்டிவுக்கு அடிப்படையான ரியாக்டில் வெப்சைட் எழுதிப் பழகிய நாலு பேரை வைத்துக்கொண்டு, ஃபிளட்டருக்கான டார்ட் மொழியை முதலிலிருந்து படிக்கச் சொல்வது வீண் வேலை. எல்லாருமே புதியவர்கள் என்றால் நான் ஃபிளட்டர் பக்கம் சாய்வேன். பட்டன் முதல் எல்லாவற்றையும் அது தானே திரையில் வரைவதால் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஒரே மாதிரி வரும். ரியாக்ட் நேட்டிவ் அந்தந்த ஃபோனின் சொந்தப் பட்டனையே வாங்கிப் போடுகிறது. பார்க்க இயல்பாக இருக்கும், ஆனால் சின்னச் சின்ன வித்தியாசங்களைச் சரிசெய்தே நாள் போய்விடும்.

வேகத்தை வைத்துச் சண்டை போடுவதை விட்டுவிடலாம். ரியாக்ட் நேட்டிவில் 2024 அக்டோபரில் வந்த 0.76 பதிப்பிலிருந்து, உள்ளே மாற்றி எழுதிய புதிய கட்டமைப்புதான் இயல்பாகவே வருகிறது. ஃபிளட்டரும் ஐபோனில் 2023லேயே இம்பெல்லர் என்ற புதிய வரையும் இயந்திரத்துக்கு மாறிவிட்டது. சாதாரண ஆப்பில் பயனருக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை.

உண்மையான தலைவலி பிளக்இன்தான், அதாவது ஃபோனின் வசதிகளைப் பயன்படுத்த மற்றவர்கள் எழுதித் தரும் துணைக் கோடு. நாங்கள் ஒரு ஃபிளட்டர் ஆப்பில் ப்ளூடூத்துக்கு ஒரு பிளக்இன் போட்டிருந்தோம். யாரோ ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதியது. ஆண்ட்ராய்டு 12இல் ப்ளூடூத் அனுமதிகள் மாறின. பிளே ஸ்டோர் விதிப்படி டார்கெட் பதிப்பை (எந்த ஆண்ட்ராய்டு பதிப்புக்காக ஆப் எழுதப்பட்டது என்ற குறிப்பை) உயர்த்தினோம், அன்றைக்கே அருகிலுள்ள ப்ளூடூத் கருவிகளைத் தேடும் ஸ்கேன் நின்றுபோனது. எழுதியவரிடமிருந்து பல மாதங்களாகச் சத்தமே இல்லை. வேறு வழியில்லாமல் ஆண்ட்ராய்டுக்கான கோட்லின் மொழியைப் படித்து நானே திருத்தினேன், அப்புறம் ஐபோனுக்காக ஸ்விஃப்ட் மொழியும். ஒரே கோடில் இரண்டு ஃபோன் என்று நம்பி வந்தவன் மூன்று மொழியில் எழுதிக்கொண்டிருந்தேன்!

இவற்றுக்குப் பின்னால் பெரிய கம்பெனி இருக்கிறதே, பயமென்ன என்பார்கள். இதே மாதிரி பழைய கருவியான ஃபோன்கேப்புக்குப் பின்னால் அடோபி இருந்தது, 2020இல் மூடினார்கள். ஸமாரின் என்ற இன்னொன்றுக்கு மைக்ரோசாஃப்ட் இருந்தது, 2024 மே 1ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. அதற்கு அடுத்து வந்த டாட்நெட் மாவிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார்கள், மாற்றி எழுதும் வேலை நம் தலையில். ஏற்கெனவே நல்ல ஆண்ட்ராய்டு குழு இருந்தால் கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் என்ற மூன்றாவது வழியையும் பாருங்கள். திரைகளை அந்தந்த ஃபோனுக்கே தனியாக எழுதி, உள்ளே ஓடும் கணக்குகளை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம்.

லாகின் திரையைச் செய்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், அது எதில் எழுதினாலும் சுலபமாக வரும். உங்கள் ஆப்பில் எது ரொம்பக் கஷ்டமோ, பின்னணியில் ஓடும் லொகேஷனோ ப்ளூடூத்தோ, அதை மட்டும் ஒரு வாரம் பழைய, மலிவான ஆண்ட்ராய்டு ஃபோன் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள்.

அந்த ப்ளூடூத் பிளக்இன்னின் திருத்திய பிரதியைப் பொதுவில் போட்டு நான்தான் இப்போது பார்த்துக்கொள்கிறேன். ஏன் இரண்டு மாதமாகப் பதிலே இல்லை என்று போன வாரம் யாரோ கோபமாகக் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை.